வெளிநாட்டுத் தொழில்களை வரவழைக்க நகரத்தின் முதல் பணம் எங்கே போக வேண்டும்?

ஒரு நடுத்தர நகரம். தலைநகரம் இல்லை, உலகமெங்கும் பெயர் தெரிந்த ஊரும் இல்லை. வெளிநாட்டு உறவுகளை வளர்த்து அதன் வழியாகத் தொழில்களைக் கொண்டுவர வேண்டும் என்று நகர மன்றம் தீர்மானித்து, அதற்கென ஒரு தொகையையும் ஒதுக்கிவிட்டது. அப்புறம்தான் பேச்சே ஆரம்பிக்கும். ஒருவர் சகோதர நகர ஒப்பந்தம் போடலாம் என்பார். இன்னொருவர் வெளிநாட்டில் அலுவலகம் திறக்கச் சொல்வார். வரிச்சலுகை இல்லாமல் யார் வருவார்கள் என்பார் மூன்றாமவர். முதலீட்டாளர் மாநாடு, கண்காட்சி, நேரடி விமானம் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் செய்வோம் என்று முடித்துவிட்டால் ஒன்றும் உருப்படாது. எதற்கு முதல் பணம், எதற்கு அடுத்தது, எதைத் தள்ளிவைப்பது என்று வரிசைப்படுத்தியே ஆக வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் பணம், ஏற்கெனவே ஊருக்குள் இருக்கும் வெளிநாட்டு நிறுவனங்களைக் கவனிப்பதற்கும் அவற்றுக்கு வேண்டிய ஆட்களைத் தயார் செய்வதற்கும் போக வேண்டும். ஒப்பந்தங்களும் அலுவலகங்களும் அதற்குப் பிறகு. வரிச்சலுகை கடைசி.

சகோதர நகரங்கள்

வெளிநாட்டு ஊர் ஒன்றோடு நட்புறவு ஒப்பந்தம் செய்துகொள்வது; மன்றத்தில் சுலபமாக நிறைவேறுவது இதுதான். செலவு குறைவு, யாரும் எதிர்க்க மாட்டார்கள். ஆனால் இந்த ஏற்பாடு எதற்காகப் பிறந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் சிதைந்த பிரிட்டனின் கவென்ட்ரியும் சோவியத் ஒன்றியத்தின் ஸ்டாலின்கிராடும் 1944-இல் கைகோத்தன. போர் முடிந்த ஐந்தே ஆண்டில், 1950-இல், ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க்கும் பிரான்சின் மோன்பெலியாரும் இணைந்தன. அமெரிக்காவில் இந்த முயற்சிக்கு 1956-இல் உருவம் கொடுத்தவர் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர். பகைத்த மக்களைப் பழக வைப்பதே அன்றைய நோக்கம்; அதை நன்றாகவே சாதித்தார்கள். தொழிற்சாலை கொண்டுவருவது அந்தத் திட்டத்திலேயே இல்லை. அதனால் ஒப்பந்தம் போட்டுப் பத்து வருஷம் ஆகியும் ஒரு நிறுவனமும் வரவில்லையே என்று பிற்பாடு குறைப்பட்டுக்கொள்வதில் பொருள் இல்லை.

தொழிலும் உறவும் எந்த வரிசையில் வருகின்றன என்பதற்கு ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நல்ல சாட்சி. 1950-களில் ஜப்பான் தன் தொழில்களை மீண்டும் கட்டி எழுப்பிக்கொண்டிருந்தது. எஃகும் கனரக இயந்திரங்களும் ரசாயனப் பொருள்களும் தேவைப்பட்டன. அவை கிடைக்கும் ரூர் பகுதிக்குப் பக்கத்திலேயே டூசல்டார்ஃப் இருந்ததால் ஜப்பானிய வர்த்தக நிறுவனங்கள் அங்கே வந்து உட்கார்ந்தன. வந்தவர்களுக்காக 1964-இல் ஜப்பானிய மன்றம் உருவானது, 1966-இல் ஜப்பானிய வர்த்தக சபை, 1971-இல் ஜப்பானியப் பள்ளி. இம்மர்மான் தெருவில் ஜப்பானிய உணவகங்களும் புத்தகக் கடையும் மளிகைக் கடைகளும் வரிசை கட்டின. டோக்கியோவிலிருந்து மாற்றலாகி வரும் ஒரு மேலாளரின் நிலையில் இருந்து யோசித்துப் பாருங்கள். நான்கைந்து வருஷம் கழித்துத் திரும்பிப் போகும்போது பிள்ளைகள் அங்குள்ள பாடத்திட்டத்தில் பின்தங்கிவிடக் கூடாது. மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றால் தன் மொழியில் பேசக்கூடிய மருத்துவர் வேண்டும். இவை இருக்கும் ஊரைத்தான் அவர் தலைமையகத்துக்குப் பரிந்துரைப்பார். அடுத்த நிறுவனமும் அங்கேயே வரும். ஜப்பானின் சிபா மாகாணத்தோடு டூசல்டார்ஃப் முறையான கூட்டுறவு ஒப்பந்தம் செய்தது 2019-இல். தொழில் வந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆன பிறகு வந்த கையெழுத்து அது.

அதற்காகச் சகோதர நகர உறவே வேண்டாம் என்று சொல்லவில்லை. செய்வதாக இருந்தால் ஒரே ஒரு வேலையோடு செய்யுங்கள். இரண்டு ஊரின் தொழிற்பயிற்சிக் கல்லூரிகளும் ஆண்டுதோறும் இத்தனை மாணவர்களைப் பரிமாறிக்கொள்ளும் என்றோ, இரண்டு குடிநீர் வாரியங்களின் பொறியாளர்களும் சேர்ந்து குழாய்க் கசிவைக் குறைக்கும் திட்டம் ஒன்றைச் செய்வார்கள் என்றோ எழுதலாம். யார் பொறுப்பு, எந்தக் கணக்கிலிருந்து பணம், எந்த ஆண்டில் மறுபரிசீலனை என்பவை ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். 'கலாச்சாரம், வணிகம், சுற்றுலா, கல்வி ஆகிய துறைகளில் ஒத்துழைப்பு' என்று பொதுவாக எழுதினால், கையெழுத்துப் போட்ட மேயரின் பதவிக்காலம் முடிந்ததும் அந்தக் கோப்பைத் திறக்க ஆள் இருக்காது.

வெளிநாட்டில் அலுவலகம்

சிங்கப்பூரின் பொருளாதார வளர்ச்சிக் கழகம் 1961-இல் தொடங்கப்பட்டது. அயர்லாந்தின் தொழில் வளர்ச்சி அமைப்பான ஐ.டி.ஏ. அதற்கும் முந்தியது, 1949. இரண்டுமே வெளிநாடுகளில் ஆட்களை உட்கார வைத்து, நிறுவனங்களின் கதவைத் தட்டித் தட்டிக் கொண்டுவந்தன. அதைப் பார்த்து நகரங்களுக்கும் ஆசை வருவது இயல்பு. ஆனால் அவை இரண்டும் நாடுகள். வரி, குடிவரவு, நிலம், கல்வி எல்லாம் ஒரே அரசின் கையில் இருந்தன. ஒரு நிறுவனத்திடம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் அதிகாரம் அவர்களிடம் இருந்தது. நகரத்தின் பிரதிநிதி வெளிநாட்டில் உட்கார்ந்து என்ன வாக்குக் கொடுக்க முடியும்? 'எங்கள் மத்திய அரசிடம் கேட்டுச் சொல்கிறேன்' என்பதுதான் பல கேள்விகளுக்கு அவருடைய பதில்.

இதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் தென் கரோலினாவில் உள்ள ஸ்பார்ட்டன்பர்க். அது ஜவுளி ஆலைகள் நிறைந்த ஊர். ஆலைகள் ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் தறிகளும் நூற்பு இயந்திரங்களும் வாங்கின. இயந்திரம் பழுதானால் உதிரிபாகம் கடல் கடந்து வர வேண்டும். அங்கிருந்த வர்த்தக சபையின் தலைமை அலுவலர் ரிச்சர்ட் டூக்கி இதைக் கவனித்தார். இவ்வளவு இயந்திரம் விற்கிறீர்களே, பழுதுபார்க்கவும் உதிரிபாகத்துக்கும் இங்கேயே ஓர் இடம் வைத்தால் என்ன என்று அந்த நிறுவனங்களைத் தேடிப் போய்க் கேட்டார். வந்தவர்களுக்கு வீடு பார்ப்பது, குடும்பங்கள் ஊரோடு ஒட்டிக்கொள்ள உதவுவது என்று சபையே அலைந்தது. விற்பனை அலுவலகமாக வந்தவை நாளடைவில் தொழிற்சாலைகளாக வளர்ந்தன. 1992-இல் பி.எம்.டபிள்யூ. தன் அமெரிக்கக் கார் ஆலையை ஸ்பார்ட்டன்பர்க் அருகே அமைப்பதாக அறிவித்தபோது, ஜெர்மானியக் குடும்பங்கள் அந்தப் பகுதியில் பல பத்தாண்டுகளாக வாழ்ந்துவந்தன. மாநில அரசு அந்த ஆலைக்குக் கணிசமான சலுகைகளும் தந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் சலுகை தரத் தயாராக இருந்த ஊர்கள் வேறு பலவும் உண்டு. ஜெர்மானிய நிறுவனங்களோடு அவ்வளவு காலம் பழகிய ஊர்கள்தான் குறைவு.

ஊரில் ஒரு வெளிநாட்டு நிறுவனம்கூட இல்லையே என்று சொல்லும் நகரங்களுக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. உள்ளூர்த் தொழிற்சாலைகளும் மருத்துவமனைகளும் எந்த நாட்டிலிருந்து இயந்திரம் வாங்குகின்றன என்று பட்டியல் எடுங்கள். யார் நம்மிடம் ஏற்கெனவே காசு பார்க்கிறார்களோ, அவர்களிடம்தான் முதல் பேச்சு. வெளிநாட்டு அலுவலகம் திறப்பது, ஒரு குறிப்பிட்ட நாட்டோடு அப்படிப் போக்குவரத்து உண்டான பிறகு யோசிக்க வேண்டியது. அப்போதும் ஒரே ஒரு நகரத்தில், அந்த ஊர் மொழி தெரிந்தவரை வைத்து, குறைந்தது ஐந்து வருஷமாவது நடத்தப் பணம் இருந்தால் மட்டும். இரண்டு வருஷத்தில் மூடப்படும் அலுவலகம், திறக்காமலே இருப்பதைவிட மோசமான செய்தியைச் சொல்லும்.

மாநாடுகள், பெரிய நிகழ்ச்சிகள், விமானம்

இதில் நீட்டிப் பேச அதிகம் இல்லை. 1976 ஒலிம்பிக்கின் கடனை கனடாவின் மாண்ட்ரியல் 2006 வரை கட்டிக்கொண்டிருந்தது. மறுபக்கம் ஸ்பெயினின் பில்பாவோவைக் காட்டுவார்கள். 1997-இல் திறந்த குகன்ஹைம் அருங்காட்சியகம் ஊரின் தலையெழுத்தை மாற்றியது என்பார்கள். அந்தக் கட்டடம் வருவதற்கு முன்பே பில்பாவோ ஆற்றைச் சுத்தப்படுத்தும் வேலையில் இறங்கியிருந்தது, துறைமுகத்தை நகர நடுவிலிருந்து வெளியே நகர்த்திக்கொண்டிருந்தது, 1995-இல் மெட்ரோ ஓடத் தொடங்கியிருந்தது. அவற்றை விட்டுவிட்டு அருங்காட்சியகத்தை மட்டும் நகலெடுக்கும் நகரம் ஏமாந்துபோகும். இரண்டு நாள் முதலீட்டாளர் மாநாட்டில் கையெழுத்தாகும் புரிந்துணர்வு ஒப்பந்தங்களின் மொத்தத் தொகையைச் செய்தித்தாளில் போடலாம். அதை வைத்து அடுத்த ஆண்டுக்குத் திட்டம் போட முடியாது.

நேரடி விமானம் வேறு ரகம். 2018-இல் வெளியான ஒரு பொருளியல் ஆய்வு அழகான ஓர் உண்மையை எடுத்துக்காட்டியது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டுமானால் கூடுதல் விமானிகள் தேவை, செலவு ஏறிவிடும். அது ஏறக்குறைய 6,000 மைல் தூரம். அந்த எல்லைக்குச் சற்று உள்ளே இருக்கும் நகர ஜோடிகளுக்கு நேரடி விமானம் கிடைக்கும் வாய்ப்பு, சற்று வெளியே இருப்பவற்றைவிடத் தெளிவாகவே அதிகம். அப்படி இணைந்த நகரங்களுக்கிடையே நிறுவன முதலீட்டு உறவுகளும் அதிகமாக இருந்தன. தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். மாறியது போய்வரும் வசதி. முதலாளி காலையில் கிளம்பி ஒரே பயணத்தில் ஆலையைப் பார்த்துவிட்டு வர முடிகிறதா என்பது அவ்வளவு முக்கியம். ஆனால் இந்த முடிவை எடுப்பது விமான நிறுவனம், நகரம் அல்ல. நகரம் செய்யக்கூடியது, எந்த ஊருக்கு மாதம் எத்தனை வணிகப் பயணிகள் போகிறார்கள் என்று உள்ளூர் நிறுவனங்களிடம் கணக்கெடுத்து விமான நிறுவனத்திடம் காட்டுவது. காலி இருக்கைகளுக்கு மானியம் கட்டி ஓட்டும் விமானம், மானியம் நின்றதும் நின்றுவிடும்.

வரிச்சலுகை

மன்றத்தில் சூடான வாதம் நடப்பது இதில்தான். சலுகையை நான் கடைசியில் வைப்பதற்கு ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரத்தின் கதையே போதும். ரூர் பகுதியில் உள்ள அந்த ஊரில் நோக்கியா அரசு மானியம் பெற்றுக் கைப்பேசி ஆலை நடத்திவந்தது. 2008 ஜனவரியில் ஆலையை மூடிவிட்டு ருமேனியாவின் க்ளூஜ் பகுதிக்குப் போகிறோம் என்று அறிவித்தது. சுமார் 2,300 பேர் வேலை இழந்தார்கள். கொடுத்த மானியத்தில் ஏறக்குறைய 6 கோடி யூரோவைத் திருப்பிக் கேட்டது மாநில அரசு. கடைசியில் அந்தப் பகுதியின் வளர்ச்சித் திட்டத்துக்கு 2 கோடி யூரோ தருவதாக நோக்கியா ஒப்புக்கொண்டது. சரி, க்ளூஜாவது பிழைத்ததா? 2011-இல் அந்த ஆலையையும் மூடுவதாக அறிவித்தார்கள். செலவு குறைவு என்று வந்தவர்கள், இன்னும் குறைவான இடம் கண்ணில் பட்டதும் போய்விட்டார்கள்.

அந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. நோக்கியா போனாலும் அதன் ஆராய்ச்சிப் பொறியாளர்கள் ஊரிலேயே இருந்தார்கள். அதே 2008-இல் பிளாக்பெர்ரியைத் தயாரித்த கனடா நிறுவனம், அந்தப் பொறியாளர்களுக்காகவே போஹுமுக்கு வந்து ஆராய்ச்சி மையம் திறந்தது. 2014-இல் அந்த மையத்தை ஃபோக்ஸ்வாகன் வாங்கிக்கொண்டது. மானியம் நோக்கியாவோடு போய்விட்டது; மூன்று நாட்டு நிறுவனங்களுக்கு அந்த ஊரில் இருந்த ஈர்ப்பு, வேலை தெரிந்த ஆட்கள்தான்.

அமேசான் 2017-இல் தன் இரண்டாவது தலைமையகத்துக்கு இடம் தேடியபோது 238 விண்ணப்பங்கள் குவிந்தன. அது வட அமெரிக்காவுக்குள் நடந்த போட்டிதான் என்றாலும், பெரிய நிறுவனம் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது என்பதை வெளிச்சமாகக் காட்டியது. மேரிலாந்து சுமார் 850 கோடி டாலர் அளவுக்குச் சலுகைகளை முன்வைத்தது. தேர்வான வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் நேரடியாகத் தர ஒப்புக்கொண்டது 57.3 கோடி டாலர். அதோடு வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துக்குப் புதிய வளாகம், கணினி அறிவியல் படிப்புகளில் கூடுதல் இடங்கள் என்று மாநிலம் உறுதியளித்தது. 2023-இல் அமேசான் தன் இரண்டாம் கட்டக் கட்டுமானத்தைத் தள்ளிவைத்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் போட்ட பணம் அமேசானை மட்டும் நம்பியிருக்கவில்லை.

தைவானின் ஃபாக்ஸ்கான் அமெரிக்காவின் விஸ்கான்சினுக்கு 2017-இல் வாக்களித்தது 1,000 கோடி டாலர் முதலீடும் 13,000 வேலைகளும். பதிலுக்கு மாநிலம் அறிவித்த சலுகை சுமார் 300 கோடி டாலர். 2021-இல் திருத்திய ஒப்பந்தத்தில் அது 67.2 கோடி டாலர் முதலீடாகவும் 1,454 வேலைகளாகவும் சுருங்கியது. இதில் கவனிக்க வேண்டியது, மாநிலத்தின் வரிச்சலுகை வேலைகள் உருவான பிறகே கிடைக்கும்படி எழுதப்பட்டிருந்தது. அதனால் மாநிலம் பெரும்பாலும் தப்பித்தது. மாட்டிக்கொண்டது மவுண்ட் பிளசன்ட் என்ற சிறிய ஊராட்சி. அதுதான் முன்கூட்டியே கடன் வாங்கி நிலம் எடுத்து, வீடுகளைக் காலி செய்ய வைத்து, சாலையும் குடிநீரும் போட்டது. பின்னால் அதே இடத்துக்குத் தரவு மையம் கட்ட மைக்ரோசாஃப்ட் வந்தது என்பது உண்மை. அப்படி ஒரு மீட்பர் ஒவ்வொரு ஊருக்கும் வருவார் என்று நம்பிக் கடன் வாங்க முடியாது.

இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. ஆண்டு வருவாய் 75 கோடி யூரோவுக்கு மேல் உள்ள பன்னாட்டு நிறுவனங்களுக்குக் குறைந்தபட்சம் 15 சதவீத வரி என்று 2021-இல் 130-க்கும் மேற்பட்ட நாடுகள் ஒத்துக்கொண்டன. பல நாடுகளில் அது 2024 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்த விதி பொருந்தும் இடங்களில், நாம் விட்டுக்கொடுக்கும் வரியின் ஒரு பகுதியை வேறொரு நாட்டின் கருவூலம் வசூலித்துக்கொள்ளும்.

உள்ளே இருப்பவர்களைக் கவனிப்பது

இப்போது என் முதல் தேர்வுக்கு வருகிறேன். வெளிநாட்டு முதலீடு என்றதும் புதிதாக வரும் ஆலைதான் நினைவுக்கு வரும். ஆனால் ஏற்கெனவே வந்த நிறுவனம் தன் லாபத்தைத் தாய்நாட்டுக்கு அனுப்பாமல் இங்கேயே மறுபடி போடுவதும் கணக்கில் வெளிநாட்டு முதலீடுதான். அதைக் கேட்க விமானம் ஏற வேண்டியதில்லை. ஊருக்குள் வண்டியில் போனால் போதும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒரு போட்டி அந்த ஆலைக்குள் நடக்கிறது. ஒரு பன்னாட்டு நிறுவனத்துக்குப் பல நாடுகளில் கிளைகள் இருக்கும். அடுத்த உற்பத்தி வரிசையை எந்தக் கிளைக்குக் கொடுப்பது என்று தலைமையகம் யோசிக்கும்போது, ஒவ்வொரு கிளை மேலாளரும் தனக்குக் கேட்பார். நம் ஊர் மேலாளர் நமக்காக வாதாடும் வழக்கறிஞர் மாதிரி. அவர் கையில் என்ன ஆதாரம் கொடுத்து அனுப்புகிறோம்? மின்சாரம் வாரத்துக்கு ஒருமுறை நொடிப்பொழுது தடுமாறுகிறது, அதனால் துல்லிய இயந்திரங்கள் நின்று நின்று ஓடுகின்றன என்றால் அவருடைய வழக்கு அங்கேயே தோற்றுவிடும். அந்தத் தடுமாற்றத்தை மின்வாரியத்தோடு உட்கார்ந்து பேசிச் சரிசெய்ய நகரத்தில் ஒருவர் இருந்தால், அவர் செய்வது எந்த மாநாட்டையும்விடப் பெரிய முதலீட்டு வேலை. வெளிநாட்டுப் பொறியாளரின் விசா தாமதம், சுங்கத்தில் சிக்கிய உதிரிபாகம், ஆலைக்குப் போகும் சாலையில் லாரி திரும்ப முடியாத வளைவு, எல்லாம் இந்த வகைதான்.

இதை நீண்ட காலம் பொறுமையாகச் செய்து காட்டிய இடம் மலேசியாவின் பினாங்கு. சுதந்திரத் துறைமுகத் தகுதியை 1969-இல் இழந்து, வேலையில்லாத் திண்டாட்டத்தில் தவித்த தீவு அது. அந்த ஆண்டு முதலமைச்சரான லிம் சோங் இயூ பினாங்கு வளர்ச்சிக் கழகத்தை அமைத்தார். 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக மண்டலம் திறந்தது. இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கார்ட், பாஷ், ஹிட்டாச்சி போன்ற எட்டு நிறுவனங்கள் முதலில் வந்தன. வரிச்சலுகை அங்கேயும் இருந்தது, கூலியும் குறைவு. கூலி ஏறத் தொடங்கியபோது என்ன செய்தார்கள் என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம். 1989-இல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கினார்கள். இடம் தந்தது மாநிலம். என்ன பாடம், எந்த இயந்திரத்தில் பயிற்சி என்று சொன்னது நிறுவனங்கள். சந்தையில் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும் நிறுவனங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, எல்லோருக்கும் தேவையான தொழில்நுட்பர்களைச் சேர்ந்து உருவாக்கின. பக்கத்திலேயே சிறிய பட்டறைகள் அந்த ஆலைகளுக்கு உதிரிபாகமும் கருவிகளும் செய்து வளர்ந்தன. இன்டெல் 2021-இல் சுமார் 700 கோடி டாலர் கூடுதல் முதலீட்டை அறிவித்தபோது, அது அந்தத் தீவுக்கு வந்து ஐம்பது ஆண்டு ஆகப்போகிறது.

சிறிய நகரத்தால் இந்த அளவுக்குச் செய்ய முடியுமா என்று கேட்கலாம். ஆரம்பிக்க மூன்று நான்கு பேர் கொண்ட குழு போதும். அவர்களில் ஒருவருக்காவது தொழிற்சாலை அனுபவம் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வெளிநாட்டு நிறுவனத்துக்கும் நேரில் போய், 'அடுத்த விரிவாக்கம் எங்கே, இங்கே இல்லையென்றால் ஏன்?' என்று கேட்க வேண்டும். பதிலை எழுதிவைத்து, அடுத்த முறை போகும்போது அதில் எது தீர்ந்தது என்று சொல்ல வேண்டும். குழுவின் தலைவர் மேயரிடமும் மின்வாரியத்திடமும் நேரடியாகப் பேசக்கூடியவராக இருக்கட்டும். தேர்தல் வந்தால் மாறிப்போகும் பதவியாக அது இருக்கக் கூடாது. நிறுவனங்கள் பழகுவது ஆளோடுதான்.

இந்த வரிசையைப் புரட்டிப் போட வேண்டிய ஊர்களும் உண்டு. ஆழ்கடல் துறைமுகம் உள்ள ஊருக்கு வர்த்தக மண்டலமும் சுங்க வசதியும்தான் முதல். துபாயின் ஜெபல் அலியில் 1979-இல் துறைமுகம், 1985-இல் தடையற்ற வர்த்தக மண்டலம் என்று அடுத்தடுத்து வந்தது அந்தக் கணக்கில்தான். தலைநகர் அந்தஸ்தை பெர்லினிடம் இழந்த பான், 1996-இல் ஐ.நா.வின் காலநிலைச் செயலகத்தையும் தன்னார்வலர் அமைப்பையும் வரவழைத்துப் புது வேடம் பூண்டது. ஆனால் அதன் பின்னால் ஒரு மத்திய அரசு முழுமூச்சாக நின்றது. அந்தத் துணை இல்லாத நகரம் அந்த வழியில் இறங்க வேண்டாம். ஒரே ஒரு பெரிய வெளிநாட்டு நிறுவனத்தை நம்பியிருக்கும் ஊர், அதைக் கவனிக்கும் அதே வேகத்தில் அதற்குப் பொருள் தரும் பட்டறைகளுக்கு வேறு வாடிக்கையாளர்களையும் தேட வேண்டும்.

வரிச்சலுகை கொடுத்தே தீர வேண்டும் என்று மன்றம் முடிவு செய்தால் மூன்று நிபந்தனைகளை விடாதீர்கள். வேலை உருவான பிறகே சலுகை. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் போனால் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். சாலையும் குடிநீரும் அந்த நிறுவனம் வராவிட்டாலும் ஊருக்குப் பயன்படும் இடத்தில் மட்டுமே போடப்படும். மூன்றையும் ஏற்காத நிறுவனத்துக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, அந்தப் பணத்தைத் தொழிற்பயிற்சிக் கல்லூரியின் கணக்கில் போடுங்கள்.